வேளச்சேரிக்கு மேலே சிவப்பு, தெருவில் தூறல்: ரேடார் படத்தை எப்படித்தான் படிப்பது?

வேளச்சேரி மாடிவாசி | இரவு 8:05

இன்று சாயங்காலம் 6:40 மணி. கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டு, ஸ்கூட்டரை வாசற்படிக்கு மேலே ஏற்றிவிட்டு, சென்னைத் துறைமுக வானிலை ரேடாரின் மேக்ஸ் இசட் படத்தைத் திறந்தேன். வேளச்சேரிக்கு நேர் மேலே கெட்டிச் சிவப்பு. 2015 டிசம்பரைப் பார்த்த தெரு இது. சிவப்பு என்று சொன்னாலே கீழ்வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைக்க ஆரம்பித்துவிடுவார். இன்றும் வைத்தார்.

7:15 வரை காத்திருந்தோம். வந்தது தூறல். மாடியில் வைத்த வாளியின் அடி நனைந்தது, அவ்வளவுதான். செங்கல்லை எடுக்க இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்.

இதில் வேடிக்கை, நம் மாடித்தோட்டம் அக்கா பெரம்பூரில் இருக்கிறார். அங்கே படத்தில் வெறும் மஞ்சள். ஆனால் தெருவில் கணுக்கால் தண்ணீர் என்கிறார். ரேடார் பொய் சொல்கிறதா, எனக்குப் படிக்கத் தெரியவில்லையா?

மாடித்தோட்டம் அக்கா | இரவு 8:11

மஞ்சள்கூட முழுசாக இல்லை தம்பி, பாதி பச்சை. ஒரு மணி நேரம் விடாமல் பெய்தது. இடி இல்லை, மின்னல் இல்லை, சத்தம் போடாமல் காரியத்தை முடிக்கிற மழை. கத்திரிச்செடித் தொட்டி இரண்டிலும் தண்ணீர் வழிகிறது.

கீழ்க்கட்டளை கிச்சா | இரவு 8:14

மாடிவாசி, உங்கள் மழை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. 6:50க்கு ஆரம்பித்து 25 நிமிடம் கொட்டித் தீர்த்தது. திருப்பி அனுப்புவதற்கில்லை.

ஓய்வுபெற்ற அலை | இரவு 8:52

கிச்சா விளையாட்டாகச் சொன்னதுதான் பாதி விடை.

மேக்ஸ் இசட் என்பது தரையில் பெய்யும் மழையின் படம் இல்லை. ரேடார் தட்டு ஒரு கோணத்தில் ஒரு சுற்றுச் சுற்றும், அப்புறம் கொஞ்சம் தூக்கி இன்னொரு சுற்று, இன்னும் தூக்கி இன்னொன்று. இப்படிப் பல அடுக்குகள் எடுத்து, ஒவ்வோர் இடத்துக்கு மேலேயும் எந்த உயரத்தில் எதிரொலிப்பு அதிகமோ அந்த ஒரே எண்ணை எடுத்துத் தட்டையாகப் போட்டுவிடுவார்கள். அந்தச் சிவப்பு 1 கி.மீ. உயரத்திலும் இருக்கலாம், 6 கி.மீ. உயரத்திலும் இருக்கலாம். படத்துக்கு மேலேயும் வலது பக்கத்திலும் ஒட்டினாற்போல் இரண்டு பட்டைகள் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அவைதான் உயரக் கணக்கு. சிவப்பு அந்தப் பட்டையில் தரையைத் தொடுகிறதா, அந்தரத்தில் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். தொங்கினால் ஃப்ரிட்ஜைத் தூக்க அவசரம் இல்லை.

அடுத்தது காற்று. நல்ல கனத்த துளி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் விழுகிறது என்று வையுங்கள். 3 கி.மீ. உயரத்திலிருந்து தரைக்கு வர 7 நிமிடம். அதற்குள் நொடிக்கு 10 மீட்டர் வடகிழக்குக் காற்று அதை 4 கி.மீ. தென்மேற்கே தள்ளிவிடும். வேளச்சேரியிலிருந்து தென்மேற்கே 4 கி.மீ. போனால் என்ன ஊர் வரும் என்று கிச்சாவைக் கேளுங்கள்.

நான் ரேடார் ரிசீவர் பக்கம் 30 வருடம் வேலை பார்த்தவன். ஒன்று சொல்லிவிடுகிறேன். ரேடாருக்கு மழை தெரியாது. அதற்குத் தெரிவது திரும்பி வந்த அலையின் பலமும், கட்டமும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) மட்டும்தான். மழை என்பது அதன் பிறகு நாம் போடும் கணக்கு.

வேளச்சேரி மாடிவாசி | இரவு 9:03

பட்டையை இப்போதுதான் பார்க்கிறேன் சார். இத்தனை வருடமாக அது படத்தின் ஓர அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் அக்காவின் மஞ்சள்?

ஓய்வுபெற்ற அலை | இரவு 9:40

சாப்பிட்டுவிட்டு வந்தேன். மஞ்சள்தான் சுவாரசியமான கேள்வி.

எதிரொலிப்பு துளியின் விட்டத்தின் ஆறாவது அடுக்கைப் பொறுத்தது. 4 மி.மீ. துளி ஒன்று, 1 மி.மீ. துளிகள் 4,096 சேர்ந்தால் எவ்வளவு எதிரொலிக்குமோ அவ்வளவு எதிரொலிக்கும். ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் 64 சின்னத் துளிகளின் தண்ணீர்தான். ஆகவே நாலு பெரிய துளி போட்டு மிரட்டுகிற இடிமழை படத்தில் சிவப்பாகத் தெரியும். கடலிலிருந்து உருண்டு வரும் வடகிழக்குப் பருவமழை மேகத்தில் பல நேரம் சின்னத் துளிகள் கூட்டம் கூட்டமாக இருக்கும். படத்தில் மஞ்சள், தெருவில் வெள்ளம். சத்தம் போடாத மழை என்று அக்கா சொன்னாரே, அதேதான்.

எதிரொலிப்பை மழையாக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். மார்ஷலும் பாமரும் 1948இல் கொடுத்தது பழைய சூத்திரம். வெப்பமண்டல மழைக்கு வேறொன்று உண்டு. எதிரொலிப்பை டிபிஇசட் என்ற அளவில் சொல்வார்கள். 40 டிபிஇசட் என்று ரேடார் சொன்னால் முதல் சூத்திரப்படி மணிக்கு 11.5 மி.மீ., இரண்டாவதன்படி 21.6 மி.மீ. 45 டிபிஇசட் ஆனால் முதலாவது 24 என்னும், இரண்டாவது 56 என்னும். அதே ரேடார், அதே எண், அதே மேகம். ஒன்று குடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற மழை, இன்னொன்று சப்வேயை மூடுகிற மழை.

நாலு மணி சந்தேகம் | இரவு 9:48

மன்னிக்கவும் சார். சென்னைத் துறைமுகத்தில் டாப்ளர் ரேடார் வைத்தது 2002. சூத்திரம் 1948. அப்புறம் தினம் ஒரு செய்தி, ரேடார் தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது என்று. எங்கே போனது? கீழ்வீட்டுக்காரர் இன்னும் செங்கல்தானே வைக்கிறார்?

பைத்தான் தம்பி | இரவு 10:05

அண்ணா, தட்டும் கோபுரமும் பெரிதாக மாறவில்லை. மாறியது உள்ளே நடக்கும் சிக்னல் புராசஸிங். நான் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதைத்தான் எடுத்தேன். அமெரிக்க நெக்ஸ்ராட் ரேடார்களின் தரவு இணையத்தில் திறந்தே கிடக்கிறது, பைஆர்ட் என்ற மென்பொருளில் படிக்கலாம். இங்கே இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் சில ரேடார்களின் தரவு உண்டு.

முதல் நாள் ஒரு கோப்பைத் திறந்து, கட்டட எதிரொலியை நீக்கும் வடிகட்டியை நிறுத்திப் பார்த்தேன். ஊரே எரிகிற மாதிரி இருந்தது. ரேடாரைச் சுற்றி மாடிக் கட்டடம், மலை, டவர் எல்லாம் சிவப்பு. கட்டடம் நகராது, அதனால் டாப்ளர் வேகம், அதாவது ரேடாரை நோக்கியோ விலகியோ நகரும் வேகம், பூஜ்யமாக இருப்பதை எல்லாம் வெட்டிவிடு என்பது பழைய வழி. அதில் ஒரு விபரீதம். ரேடாருக்குக் குறுக்கே நகரும் மழைக்கும் வேகம் பூஜ்யம்தான், ஏனென்றால் அது கிட்டவும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. வெட்டும்போது அந்த மழையும் போய்விடும். படத்தில் மழைக்கு நடுவே கத்தி வைத்துக் கீறிய மாதிரி ஒரு கோடு. வடகிழக்கிலிருந்து மேகம் வரும்போது துறைமுக ரேடாருக்கு வடமேற்குத் திசையிலும் தென்கிழக்குத் திசையிலும் இது நேரும்.

2004இல் சிக்கியா, பாசரெல்லி என்ற இருவர் கொண்டுவந்த முறை வெட்டுவதோடு நிற்காது. சுற்றியிருக்கும் அலைவரிசை எப்படி இருக்கிறது என்று பார்த்து, வெட்டிய பள்ளத்தில் மழை எவ்வளவு இருந்திருக்கும் என்று மணி வடிவ வளைகோடு போட்டு நிரப்பும். அதை ஓட்டிய பிறகு கோடு மறைந்தது. அன்று ராத்திரி 2 மணிக்கு ஹாஸ்டலில் நான் போட்ட கத்தலில் பக்கத்து அறைக்காரன் எழுந்து வந்துவிட்டான்.

ஓய்வுபெற்ற அலை | இரவு 10:31

நல்லது தம்பி. மழையையே கட்டடம் என்று வெட்டிய படங்களை நானும் பார்த்திருக்கிறேன். கையால் திருத்துவோம்.

சந்தேகம் சார் கேட்டதற்கு வருகிறேன். இந்தத் துறையில் எல்லோரையும் வாட்டிய சிக்கல் ஒன்று உண்டு, டாப்ளர் இக்கட்டு என்போம். ரேடார் ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி வரக் காத்திருந்து, அடுத்ததை அனுப்ப வேண்டும். தூரம் பார்க்க வேண்டுமானால் நிதானமாக அனுப்ப வேண்டும். வேகம் பார்க்க வேண்டுமானால் படபடவென்று அனுப்ப வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. 10 செ.மீ. அலைநீளத்தில் நொடிக்கு 1,000 துடிப்பு என்றால் 150 கி.மீ. தூரமும் நொடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கி.மீ. வேகமும்தான் குழப்பமில்லாமல் தெரியும். 250 கி.மீ. தூரம் வேண்டுமென்று நொடிக்கு 600 ஆக்கினால் வேகம் மணிக்கு 54 கி.மீ.யில் நின்றுவிடும். அதற்கு மேல் போனால் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்விசிறி பின்னோக்கிச் சுற்றுவது போல் காற்று திசை மாறித் தெரியும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டியது. அப்படிப்பட்ட புயலில் ரேடாரை நோக்கி வருகிற காற்றே விலகிப் போகிற காற்றின் நிறத்துக்கு மாறும். இரண்டு துடிப்பு வேகங்களை மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டு விடையையும் ஒப்பிட்டு உண்மை வேகத்தைப் பிடிப்பது ஒரு வழி.

இன்னொரு வழியில் நம்மவர் கை இருக்கிறது. கான்பூர் ஐஐடியின் சச்சிதானந்தாவும் அமெரிக்காவின் துஷான் சிர்னிச்சும் 1999இல் வெளியிட்டது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கட்டக் குறியை ஒட்டி அனுப்புவது. தூரத்து மேகத்தின் எதிரொலி தாமதமாக வந்து பக்கத்து எதிரொலியோடு கலந்தாலும், எந்த டோக்கன் எந்த முறை வாங்கியது என்று பிரித்துவிடலாம். அவர்கள் இருவரின் பெயரின் முதல் எழுத்தையே அந்த முறைக்கு வைத்தார்கள். நெக்ஸ்ராட் வலையமைப்பில் அது வேலைக்கு வந்தது. நம் ஊரில் சச்சிதானந்தா பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

நாலு மணி சந்தேகம் | இரவு 10:40

இது காற்றுக்கு. அக்காவின் மஞ்சளுக்கு?

ஓய்வுபெற்ற அலை | இரவு 10:58

அவசரப்படாதீர்கள். அதற்கு இரட்டை முனைவாக்கம்.

மழைத்துளி கண்ணீர் வடிவம் என்று படம் போடுவார்கள், தவறு. சின்னது உருண்டை. பெரிதாகப் பெரிதாகக் காற்று கீழிருந்து தள்ளுவதால் அடி தட்டையாகி இட்லி மாதிரி ஆகிவிடும். கிடைமட்ட அலை ஒன்று, செங்குத்து அலை ஒன்று அனுப்பினால் இட்லி அகலவாக்கில் அதிகம் எதிரொலிக்கும். இரண்டின் வித்தியாசத்தைப் பார்த்தால் துளி எவ்வளவு பெரிது என்று தெரியும். செலிகாவும் பிரிங்கியும் 1976இல் சொன்ன யோசனை. பிரிங்கியும் நம் நாட்டுக்காரர்தான். வித்தியாசம் குறைவு, எதிரொலிப்பு நடுத்தரம் என்றால் சின்னத் துளி, எண்ணிக்கை அதிகம், தண்ணீர் அதிகம். அக்காவின் மழை.

எனக்குப் பிடித்தது அதைவிடக் கட்ட வித்தியாசம். இட்லிகள் நிறைந்த வழியாகப் போகும்போது கிடைமட்ட அலை செங்குத்து அலையைவிடக் கொஞ்சம் பின்தங்கும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எவ்வளவு பின்தங்குகிறது என்பதிலிருந்து நேராக மழையைக் கணக்கிடலாம். பலத்தை நம்பும் முறையில், ரேடாரின் அளவீடு 1 டெசிபல் பிசகினாலே மழைக் கணக்கு 15 சதவீதத்துக்கு மேல் தவறும். ஒரு அடுக்குமாடி பாதிக் கற்றையை மறைத்தால் இன்னும் மோசம். கட்டம் அப்படி இல்லை. அலை பாதியாகக் குறைந்தாலும் எவ்வளவு பின்தங்கியது என்பது மாறாது. ஆனால் தூறலில் இந்த அளவு மிகச் சின்னதாக இருப்பதால் இரைச்சலில் தொலைந்துவிடும். கனமழைக்குத்தான் இது ராஜா. நமக்கு வேண்டியதும் அதுதானே?

மாடித்தோட்டம் அக்கா | இரவு 11:02

இட்லி உதாரணம் புரிந்தது. பள்ளிக்கரணையில் 2022இல் ஒரு ரேடார் வைத்தார்களே, அதன் படம் ஏன் சில நேரம் பாதி கடித்த அப்பம் மாதிரி இருக்கிறது?

பைத்தான் தம்பி | இரவு 11:10

அக்கா, அது எக்ஸ் பேண்ட், அலைநீளம் சுமார் 3 செ.மீ. நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் கனமழையைத் துளைத்துப் போவதற்குள் களைத்துவிடும். முன்னால் ஒரு கொட்டுமழை நின்றால் பின்னால் இருக்கும் மழை மங்கிவிடும், சில நேரம் மறைந்தே போகும். துறைமுகத்தில் இருப்பது எஸ் பேண்ட், 10 செ.மீ., அதற்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சார் சொன்ன கட்ட வித்தியாசத்தை வைத்து, வழியில் எவ்வளவு பலம் தொலைந்தது என்று கணக்கிட்டு ஓரளவு ஈடுகட்டலாம். அடியோடு செத்த சிக்னலை எந்த மென்பொருளும் எழுப்பாது.

அதனால் இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ரேடாரும் இருக்கிறது. டெல்டாக்காரர்கள் சென்னை ரேடாரை நம்பவே வேண்டாம். அரை டிகிரி கோணத்தில் அனுப்பினாலும் 100 கி.மீ. தூரத்தில் கற்றை 1.5 கி.மீ. உயரத்தில் போகும், 250 கி.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட 6 கி.மீ. பூமி வளைந்திருக்கிறதே. அவர்களுக்குக் காரைக்கால்தான்.

கீழ்க்கட்டளை கிச்சா | இரவு 11:15

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளும் மழையாகத் தெரியுமா தம்பி? நாரை 40 டிபிஇசட் என்று?

பைத்தான் தம்பி | இரவு 11:18

சிரிக்காதீர்கள், பறவையும் பூச்சியும் ரேடாரில் தெரியும். இரண்டு முனைவாக்க அலைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஓர் அளவு உண்டு. மழையில் அது 1க்கு ஒட்டி இருக்கும். இறக்கையும் காலுமாகப் பறப்பவற்றுக்கு நன்றாக இறங்கிவிடும். அதை வைத்து நாரையைக் கழித்துவிடலாம்.

நாலு மணி சந்தேகம் | காலை 6:20

ராத்திரி யோசித்தேன். எல்லாம் சரி, ஆனால் படம் ஒரு சுற்று முடிய 10 நிமிடம் ஆகிறது. 10 நிமிடத்தில் எங்கள் தெருவில் முட்டி வரை வந்துவிடும். ஜப்பானில் தட்டைக் கோணம் கோணமாகத் தூக்காமல், சுற்றும்போதே கற்றையை மின்னணு முறையில் மேலும் கீழும் திருப்பும் ரேடாரை 2012இலேயே ஒசாகாவில் வைத்துவிட்டார்கள். 30 நொடிக்குள் வானம் முழுக்க ஒரு முறை. 2017இல் சைத்தாமாவில் அதையே இரட்டை முனைவாக்கத்தோடு. மிஷன் மௌசம் என்ற மத்திய அரசின் வானிலைத் திட்டத்துக்கு 2024இல் 2,000 கோடி ஒதுக்கினார்களே, அதில் சென்னைக்கு அப்படி ஒன்று வாங்கினால் இந்த இழையே தேவைப்படாது.

ஓய்வுபெற்ற அலை | காலை 6:55

அந்த வித்தை நமக்குப் புதிது இல்லை. திருப்பதி பக்கம் காடங்கியில் 1,024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு 1990களிலிருந்து கற்றையை மின்னணுவாலேயே திருப்புகிறார்கள். அது 53 மெகாஹெர்ட்ஸ், உயரக் காற்றைப் படிப்பதற்கானது, மழைப் படத்துக்கு இல்லை. ஆனால் தொழில் தெரியும்.

மழைக்கு அதைக் கொண்டுவருவதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வழக்கமான தட்டில் கற்றை எப்போதும் தட்டுக்கு நேராகப் போகும். தட்டையான பலகையில் கற்றையை நேரிலிருந்து விலக்கித் திருப்பத் திருப்ப அது அகலமாகும், கிடைமட்டமும் செங்குத்தும் ஒன்றுக்குள் ஒன்று கசியும். நேற்று சொன்ன இட்லி வித்தியாசத்தை 0.1, 0.2 டெசிபல் வரை சரியாக அளக்க வேண்டும். கசிவு அதை விழுங்கிவிடும். அதைத் திருத்துவதில்தான் இப்போது பாதி ஆராய்ச்சி. வேகம் வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதே பணத்துக்கு நகரைச் சுற்றி நாலு சின்ன எக்ஸ் பேண்ட் வைத்து, ஒன்றின் மறைவை இன்னொன்று பார்க்கும்படி செய்யலாம் என்பது என் கட்சி. அமெரிக்காவில் டாலஸ் பக்கம் அப்படி ஒரு வலை ஓட்டினார்கள்.

நாலு மணி சந்தேகம் | காலை 7:10

ஏஐயை விட்டுவிட்டீர்களே. 2021இல் கூகுளின் டீப்மைண்ட் பிரிட்டன் ரேடார் படங்களைக் கொடுத்துப் பழக்கி அடுத்த 90 நிமிட மழையைச் சொல்ல வைத்தது.

பைத்தான் தம்பி | காலை 7:32

ஏற்கெனவே பிறந்த மேகம் எங்கே நகரும், எப்படி வளரும் என்பதை அது நன்றாகச் சொல்லும். நம் பிரச்சினை கரையோரத்தில் திடீரென்று பிறக்கும் மேகம். 2021 டிசம்பர் 30 மதியம் நினைவிருக்கிறதா? பருவமழை முடிகிற நேரம், பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லை, மாலைக்குள் மயிலாப்பூர் பக்கம் எல்லாம் தண்ணீர். மேகம் நகர்ந்து போகாமல் நின்ற இடத்திலேயே புதிதாகப் பிறந்து பிறந்து பெய்தது. பிரிட்டன் மழையில் பழகிய ஏஐக்கு இது தெரியாது. நம் ரேடார், நம் அக்டோபர், நம் நவம்பர் எல்லாம் கொடுத்துப் பழக்க வேண்டும். அதற்கு மூலத் தரவு வேண்டும். வண்ணப் படத்திலிருந்து எண்ணைத் திரும்ப எடுப்பது குழம்பிலிருந்து புளியைத் திரும்ப எடுப்பது மாதிரி.

தரையில் மழைமானியும் வேண்டும். எந்தச் சூத்திரம் சரி என்று தீர்ப்பு சொல்வது கடைசியில் அதுதான்.

ஓய்வுபெற்ற அலை | காலை 7:50

மழைமானி வாங்கத் தேவையில்லை. வாய் 16 செ.மீ. அகலமுள்ள புனல் ஒன்றை 5 லிட்டர் கேனில் செருகி, மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் கைப்பிடிச் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். புனல் வாயின் பரப்பு 201 ச.செ.மீ. ஆக 1 மி.மீ. மழைக்கு 20 மி.லி. தண்ணீர் சேரும். மருந்து பாட்டிலோடு வரும் அளவுக் கோப்பையால் அளந்து 20ஆல் வகுத்தால் போதும். வாளி வேண்டாம் மாடிவாசி, வாளி சரிவாக இருக்கும், அடிப்பக்கம் குறுகும், கணக்குத் தப்பும். மூன்று வீடுகளில் வைத்து ஒரே மழையை அளந்து இங்கே போடுங்கள்.

வேளச்சேரி மாடிவாசி | மறுநாள் காலை 8:40

வைத்தேன். நேற்று ராத்திரி 11:30 முதல் 12:45 வரை மழை. பட்டையில் மஞ்சள் தரை வரை இறங்கியிருந்தது, சிவப்பே இல்லை. கீழ்வீட்டுக்காரரிடம் செங்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் கேனில் 620 மி.லி. அப்படியானால் 31 மி.மீ. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். நல்லவேளை, தண்ணீர் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. இனி அவர் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை. அக்கா, கிச்சா, உங்கள் அளவு?

மாடித்தோட்டம் அக்கா | காலை 8:55

230 மி.லி., 11.5 மி.மீ. எங்களுக்கு இந்த முறை ஓரம்தான்.

கீழ்க்கட்டளை கிச்சா | காலை 9:02

என் புனலை விடிகாலையில் காக்கா தள்ளிவிட்டது. பாதிக் கேன் கீழே கொட்டிக் கிடக்கிறது. 300 மி.லி.க்கு மேல் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இன்று சாயங்காலம் சுற்றிலும் கம்பி கட்டப்போகிறேன்.